சுவிஸ் கடிதம்: சறுக்குவதற்கு முன்

ஊரிலுள்ள உறவினர் அனைவருக்கும்,

சுவிட்சர்லாந்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பனிச்சறுக்கு விடுமுறைக்கு நாள் குறிப்பது, இரு வீட்டாரும் கூடியிருந்து நடத்தும் கலியாணப் பேச்சை ஒத்தது. ஆனால் இங்கே சோதிடரின் இடத்தில் கல்வித் திணைக்களம் அமர்ந்திருக்கிறது. 'விளையாட்டு விடுமுறை' எனப்படும் குளிர்காலப் பள்ளி விடுமுறை பெரும்பாலும் பெப்ரவரியில் வருவதாயினும், கன்டோன் எனப்படும் மாநிலத்துக்கு மாநிலமும், சில இடங்களில் ஊருக்கு ஊரும், அதன் வாரம் மாறுவதால், சூரிச்சிலுள்ள தமையன் பிள்ளைகளுக்கும் பேர்ணிலுள்ள தங்கை பிள்ளைகளுக்கும் ஒரே வாரம் வாய்க்கும் என்பதற்கு உறுதியில்லை.

நாள் அமைந்தபின் ஊரைத் தேட வேண்டும். முதன்முறை சறுக்குவோர் விழுந்தெழும்புவதற்காக சேர்மாட் போன்ற பேர்பெற்ற ஊருக்குக் காசைக் கொட்டுவதில் பொருளில்லை. கிளாருஸ் கன்டோனில், ஏறத்தாழ 1,250 மீற்றர் உயரத்திலுள்ள பிறவுன்வால்ட் போன்ற சிற்றூரே தகும். சறுக்குத் தொழில்துறையினர் ஒரு பருவத்தில் 30 சென்ரிமீற்றர் பனி 100 நாளேனும் கிடந்தால்தான் ஓர் இடத்தை நம்பத்தக்கதெனக் கொள்வர். வெப்பம் கூடிவரும் இக்காலத்தில் தாழ்ந்த ஊர்கள் அக்கணக்கில் தவறுவதால், முன்பணம் கட்டுமுன் லிப்ட் எவ்வளவு உயரம் வரை போகிறதென்று பார்ப்பது நன்று. பிறவுன்வால்டில் அது ஏறத்தாழ 1,900 மீற்றர். தவிரவும், கிளாருஸ் வரலாறற்ற இடமன்று: 1893இல் கிறிஸ்தோப் இசெலின் என்பவர் தோழருடன் சறுக்குப் பலகையில் பிராகெல் கணவாயைக் கடந்ததும், அதே ஆண்டில் நாட்டின் முதற் சறுக்குக் கழகம் தோன்றியதும் இங்கேதான்.

பிறவுன்வால்டுக்குக் கார் போகாது. லிந்தாலில் காரை நிறுத்தி, 1907 முதல் ஓடிவரும், கம்பிவடத்தால் இழுக்கப்படும் மலைரயிலில் ஏற வேண்டும்; அதாவது அரிசி மூட்டை, மிளகாய்த்தூள், கருவாடு, இடியப்ப உரல் யாவும், பலகையேந்திய சுவிஸ் கனவான்களின் முழங்கால்களுக்கிடையே இருந்து பயணம் செய்ய வேண்டும். பிரஷர் குக்கரை மட்டும் எவரும் எள்ளற்க. அவ்வுயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 96 பாகையிலேயே கொதிப்பதால், திறந்த சட்டியில் பருப்பு வேகுமுன் பிள்ளைகள் பாணும் சீஸும் தின்று உறங்கிவிடுவர்.

எனினும் இப்பயணத்தின் மிகச் செங்குத்தான இடம் மலையில் இல்லை, வாடகைக் கடையில் இருக்கிறது. சப்பாத்தைப் பலகையோடு பிணைக்கும் கட்டு, விழும்போது தானே கழன்று காலைக் காப்பதற்காக அமைந்தது. எவ்வளவு விசையில் அது கழல வேண்டும் என்பதை எடை, உயரம், வயது, சப்பாத்தின் அடிநீளம், சறுக்கும் திறன் ஆகியவற்றை அட்டவணையில் ஒப்பிட்டறிந்து, கடைக்காரர் ஒரு சிறு திருகாணியைத் திருப்பிக் குறித்த எண்ணில் நிறுத்துகிறார். ஆகவே எடையைக் குறைத்துச் சொல்லும் சித்தப்பா, காரணமின்றிக் கழன்ற பலகை பின்னே கிடப்பதை நடுச்சரிவில் நின்று பார்ப்பார். திறனைக் கூட்டிச் சொல்லும் மைத்துனரோ, கழல வேண்டிய நேரத்தில் கழலாத பலகையோடு உருள்வார். மச்சாள்மார் சூழ நிற்கும் கடையில் எடையை வாய்திறந்து சொல்லக் கூசி, துண்டுத்தாளில் எழுதி மடித்துக் கொடுப்போரும் உளர். கடைக்காரர் அதை விரித்து, சரிதானா என்று உரக்க வாசித்துக் கேட்பார்.

எஞ்சியவை எளியவை. சரிவுகளில் நீலம் இலகு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம் எனக் குறி நாட்டப்பட்டிருக்கும். புதியவர்கள் 'மாயக்கம்பளம்' எனப்படும் ஊரும் பட்டையில் நின்றபடியே மேட்டுக்குப் போகலாம். ஒரே முதலாளியிடம் வாரம் 8 மணிநேரமேனும் வேலை செய்வோருக்கு விடுமுறையில் நேரும் விபத்துக்கும் காப்புறுதி உண்டு. ஊரிலிருந்து வரும் விருந்தினருக்கு அது இல்லை, தனியே எடுக்க வேண்டும்.

ஆகவே வரும் பெப்ரவரியில் வர எண்ணியுள்ள உறவினர் தம் உயரம், சப்பாத்தளவு, காப்புறுதி விபரம் ஆகியவற்றுடன், தராசில் ஏறிப் பார்த்த எடையையும் நவம்பர் முடியுமுன் எழுதியனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.