கம்ப்யூட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர்

எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் சென்ற வாரக் கூட்டத்தில், லிஃப்ட் பராமரிப்பு, மொட்டை மாடியில் துணி உலர்த்தும் உரிமை, மாடிப்படியில் செருப்பு விடும் வழக்கம் ஆகிய சம்பிரதாயமான வியாஜ்யங்களெல்லாம் எப்போதும்போல் தீர்ப்பின்றி ஒத்திவைக்கப்பட்ட பிறகு, பொருளாளர் எழுந்து, மூன்றாவது மாடிவாசியாகிய நான் தண்ணீரால் குளிரும் கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டில் ஸ்தாபிக்க உத்தேசித்திருப்பதாகத் தமக்குத் தகவல் வந்திருக்கிறதென்றும், அது மெய்யாயின் லாரித் தண்ணீர்ச் செலவில் என் பங்கை உயர்த்துவதே நியாயமென்றும் ஒரு பிரேரணை கொண்டுவந்தார். அதை ஒருவர் வழிமொழியவும் செய்தார். அவ்வாறு வழிமொழிந்தவர் தம்முடைய காரைத் தினந்தோறும் ஹோஸ் பைப்பால் குளிப்பாட்டுகிறவர் என்பதை இங்கே குறிப்பிடாமல் மேலே செல்ல என் மனம் இடம் தரவில்லை.

அத்தகைய கம்ப்யூட்டருக்குள் ஓடும் தண்ணீர் மொத்தமே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான், ஒருமுறை ஊற்றிவிட்டால் மாதக்கணக்கில் அதுவேதான் சுற்றிச் சுற்றி வரும் என்று நான் சொன்ன சமாதானம் சபையில் எடுபடவில்லை. "எல்லாரும் முதல்ல அப்படித்தான் சார் சொல்வாங்க" என்றார் பொருளாளர். விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.

அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உயர்தரமானதும் சப்தமில்லாததுமான கம்ப்யூட்டரைக் கட்ட விரும்புகிறவன் அதைத் தண்ணீரால் குளிர்விக்க வேண்டுமா, காற்றே போதுமா என்ற கேள்விக்கு ஐயந்திரிபறப் பதில் சொல்லிவிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். பட்டியல் போடும் பழக்கத்தைப் பற்றி நான் விஸ்தரிக்கப் போவதில்லை. உங்களிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. கேபினெட் முதல் கேபிள் வரை விலையோடு எழுதி, கூட்டி, தொகையைக் கண்டு திகைத்து, எஸ்எஸ்டியில் ஒரு டெராபைட்டைக் குறைத்து, அப்படி மிச்சம் பிடித்ததை மதர்போர்டில் போட்டு, பழைய தொகையையும் தாண்டிவிட்டதைப் பார்த்து, 'இவ்வளவு ஆனது ஆயிற்று, இன்னும் ஐயாயிரம்தானே' என்று நம்மை நாமே தேற்றிக்கொள்கிற பட்டியல் அது. அதற்குரிய முதல் இலட்சணம், முடியாமலிருப்பது. முடிந்துவிட்டால் வாங்கித் தொலைக்க வேண்டியிருக்கும்.

"ஆபீஸ் வேலையும் முடிஞ்சு போச்சு, இப்ப எதுக்குங்க இது?" என்று வீட்டில் கேட்டாள். விமானம் ஓட்டுவதற்கு என்றேன். 2024-ல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல் ஒரு வட்டமடித்துவிட்டு இறங்கவேண்டுமென்பது என் நெடுநாளைய அபிலாஷை. அதற்கு 32 ஜிபி ராம் வேண்டும் என்று தயாரித்தவர்களே சிபாரிசு செய்கிறார்கள். உத்தமமான அனுபவத்துக்கு 64 என்கிறார்கள். உத்தமம் என்று ஒன்று இருக்கிறதென்று தெரிந்த பிறகு மத்திமத்தோடு திருப்தி அடைவது நம்மைப் போன்றவர்களின் சுபாவத்திலேயே இல்லை.

பிராசஸர் விஷயத்தில் எனக்கும் என் அக்கா மகனுக்கும் அபிப்பிராய பேதமில்லை. அவன் துரைப்பாக்கத்தில் வேலை பார்ப்பவன். ஏஎம்டியின் 9800எக்ஸ்3டி என்று சொன்னான், ஒப்புக்கொண்டேன். அது 120 வாட்ஸ் வகையைச் சேர்ந்த சாது. வம்பு முழுவதும் கிராபிக்ஸ் கார்டினால் வருவது. 2025 ஜனவரியில் விற்பனைக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 5090 என்னும் கார்டு தன்னந்தனியாக 575 வாட்ஸ் சாப்பிடுகிறது. ஆயிரம் வாட்ஸ் பவர் சப்ளை இல்லாத வீட்டில் அது கால் வைக்காது. இந்தியாவில் அதற்கு அறிவித்த விலையே இரண்டு லட்சத்துக்கு மேல். "மாமா, கார்டுக்கும் பிராசஸருக்கும் வர்ற ஃபேனே போதும். தண்ணி லீக்காச்சுன்னா மொத்தமும் காலி" என்றான் பையன். இந்தத் தலைமுறைக்குத் தைரியம் போதாது.

எனக்கோ தைரியம் உண்டு, ஏனெனில் பௌதிக சாஸ்திரம் என் கட்சி. கன அளவுக்குக் கன அளவு ஒப்பிட்டால் காற்றைவிட 3,000 மடங்குக்கு மேல் உஷ்ணத்தை ஏந்திக்கொள்ளும் சக்தி தண்ணீருக்கு உண்டு. பிராசஸரின் தலைமேல் ஒரு செப்புப் பாளம். அதன் உட்புறத்தில் மயிரிழை இடைவெளிவிட்டுக் கீறிய தகடுகள். அவற்றினூடே பம்ப் தள்ளும் தண்ணீர் சூட்டை வாரிக்கொண்டுபோய் ரேடியேட்டரில் கொட்டுகிறது. அங்கே பெரிய விசிறிகள் அவசரமின்றி, ஆகவே ஆரவாரமின்றி, மெதுவாகச் சுழல்கின்றன. தத்துவம் இவ்வளவுதான். இனி எஞ்சியிருப்பது ஒரே ஓர் அற்ப விஷயம்: எந்தத் தண்ணீர்?

வேளச்சேரியில் குடியிருப்பவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு ஒரு வாக்கியத்தில் பதிலை எதிர்பார்க்கிறவர்கள் இந்த ஊரை அறியாதவர்கள். முதலாவது, குழாயில் வரும் மெட்ரோ வாட்டர். 2013 முதல் நெம்மேலி ஆலை கடல் நீரைக் குடிநீராக்கித் தென்சென்னைக்கு அனுப்பி வருகிறது. வங்காள விரிகுடாவையே வடிகட்டிக் கொடுக்கிறார்கள் என்ற நன்றி எனக்கு உண்டு. ஆனால் குளோரின் கலந்த அந்த நீரைச் செப்புத் தகடுகளின் இடுக்கில் விட எனக்குத் துணிவில்லை. இரண்டாவது, போர் தண்ணீர். எங்கள் போர் தண்ணீர் படிந்து படிந்து குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளையாக ஒரு கல்லே முளைத்திருக்கிறது. அதற்கு நேர் கீழே டைல்ஸில் பழுப்பாக ஒரு தாரை இறங்கியிருக்கிறது. வெள்ளை உப்பு, பழுப்பு இரும்பு. அரை அங்குலக் குழாயையே அடைத்துவிடும் தண்ணீர் மயிரிழை இடைவெளியை என்ன செய்யும் என்று சொல்லவேண்டியதில்லை. மூன்றாவது, லாரித் தண்ணீர். அதன் ரிஷிமூலத்தை யாரும் விசாரிப்பதில்லை. விசாரித்தால் லாரி அடுத்த தெருவுக்குப் போய்விடும். நான்காவது, கேன் தண்ணீர். அது குடிக்க மட்டும் லாயக்கு; அதிலும் தாதுக்கள் உண்டு, தாதுக்கள் இருக்குமிடத்தில் மின்சாரம் பாயும், பாயுமிடம் இரண்டு லட்ச ரூபாய்க் கார்டு.

ஐந்தாவது, சுத்தி செய்த டிஸ்டில்டு வாட்டர். சாஸ்திரம் தெரிந்தவர்கள் யாவரும் ஏகோபித்துச் சொல்வது இதைத்தான். இன்வெர்ட்டர் பேட்டரிக் கடையில் ஐந்து லிட்டர் கேனாகக் கிடைக்கிறது. வாங்கப் போனேன். "எந்த இன்வெர்ட்டர் சார்?" என்றார் கடைக்காரர். இன்வெர்ட்டருக்கு அல்ல, கம்ப்யூட்டருக்கு என்றேன். அவர் எடுத்த கேனைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார். "கம்ப்யூட்டர்ல தண்ணி ஊத்தாதீங்க சார், ஷாக் அடிக்கும்" என்று உண்மையான கரிசனத்தோடு சொன்னார். என்ன சொல்லியும் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்த விவரம் எங்கள் பொருளாளருக்குத் தெரிந்திருந்தால் எனக்கு இந்த மனக்கிலேசம் நேர்ந்திராது.

டிஸ்டில்டு வாட்டர் கிடைத்துவிட்டாலும் ஆயிற்றா என்றால் இல்லை. அதில் குளோரின் இல்லாததனாலேயே பாசி பிடிக்கும். பாசியைத் தடுக்க ஒரு திரவம் ஊற்றவேண்டும், அல்லது வெள்ளிக் கம்பிச் சுருள் ஒன்றை உள்ளே போடவேண்டும். வெள்ளி விற்கிற விலையில் இதை வீட்டில் சொல்லும் சந்தர்ப்பத்தை நான் இன்னும் எதிர்நோக்கிக்கொண்டிருக்கிறேன். ரேடியேட்டர் அலுமினியமாகவும் பாளம் செப்பாகவும் அமைந்துவிட்டால் தண்ணீருக்குள் செப்பின் சகவாசத்தால் அலுமினியம் அரித்துப்போக ஆரம்பிக்கும். எல்லாவற்றையும் பூட்டிய பிறகு, ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் டிஷ்யூ காகிதத்தை மடித்து வைத்து, பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒரு நாள் முழுதும் காகிதம் நனைகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறையேனும் வடித்துவிட்டு மாற்றவேண்டும். சாயம் கலந்த திரவமும் கிடைக்கிறது. அதைப் பச்சையாக ஊற்றி, விளக்குகளையும் மாட்டிவிட்டால் கேபினெட் ஆடி மாதத்து அம்மன் கோவில் சீரியல் செட் போல ஜொலிக்கும் என்று பையன் ஆசை காட்டினான். மறுத்துவிட்டேன்.

மழைநீர் என்ன பாவம் செய்தது என்று கேட்பீர்கள். ஒரு வகையில் அதுவும் டிஸ்டில்டு வாட்டர்தான். 2003-ல் தமிழ்நாட்டில் வீடுதோறும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். ஆனால் வேளச்சேரியில் மழைநீரை நாம் சேகரிப்பதில்லை, அது நம்மைச் சேகரிக்கிறது. ஏரியின் பெரும்பகுதியை மனை போட்டு விற்றும் ஒதுக்கியும் தீர்த்தாயிற்று. தண்ணீருக்கு அந்தப் பத்திரப்பதிவுகளில் நம்பிக்கையில்லை. 2015 டிசம்பரில் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்தது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடனேயே ஜனங்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின்மேல் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். இடையில் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அநேகமாக வறண்டுபோய், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வாகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ரயிலில் ஏற்றி வில்லிவாக்கத்தில் இறக்கினார்கள். அதாவது, ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு லிட்டர் வீதம் 25 லட்சம் கம்ப்யூட்டர்களுக்குப் போதுமான தண்ணீர். இந்தக் கணக்கைச் சங்கக் கூட்டத்தில் சொல்லாமல் விட்டது நல்லதாயிற்று.

தண்ணீரைப் பற்றி இவ்வளவு நீட்டியிருக்க வேண்டாம். இனி நிசப்தத்துக்கு வருகிறேன். தரமான விசிறியொன்றை மெதுவாகச் சுழலவிட்டால் இருபது டெசிபெலுக்குச் சற்று ஏறக்குறையத்தான் சப்தம் வரும் என்று சாதித்துக் காட்டியிருக்கிறார்கள். அந்த இருபதை இன்னும் ஓரிரண்டு குறைப்பதற்காக ரப்பர் ஆணிகள், பஞ்சு வைத்த கேபினெட் கதவு, விசிறியின் வேக வரைபடம் என்று நான் செலவிடத் துணிந்திருக்கும் தொகையை வெளியில் சொல்வதற்கில்லை. அப்படி அடக்கிய கம்ப்யூட்டர் குடியேறப்போகும் அறையில் விடியற்காலை சம்ப் மோட்டார் உறுமுகிறது. தொடர்ந்து, பழைய பேப்பர், உடைந்த பிளாஸ்டிக், தேய்ந்த கிரைண்டர் அனைத்தையும் பதிவு செய்த குரலில் அழைத்தபடி ஒரு வண்டி தெருவில் நிற்கிறது. எதிர் வீட்டில் ஏற்கெனவே அழகாயிருந்த டைல்ஸைப் பெயர்க்கிறார்கள். பைபாஸ் சாலையில், சிக்னல் சிவப்பாயிருக்கும்போதே பின்னாலிருந்து ஹாரன் அடிக்கும் அந்தப் பிறவிகள், சிவப்பைக் கண்டு எதற்கு அடிக்கிறார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை, நிறுத்தாமல் அடிக்கிறார்கள். மழைநீர் வடிகாலுக்கென்று தோண்டிய சாலையையே மறுபடியும் உடைக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் மேலே மீனம்பாக்கத்துக்குப் போகும் நிஜமான விமானங்கள் முழங்குகின்றன. அந்த முழக்கத்தில் என் கம்ப்யூட்டருக்குள் பறக்கும் விமானத்தின் இன்ஜின் ஓசை எனக்குக் கேட்கப் போவதில்லை.

தவிர, 700 வாட்ஸ் உஷ்ணத்தைத் தண்ணீர் விழுங்கிவிடுவதில்லை, அறைக்குள்தான் கொட்டுகிறது. சுற்றுக் காற்றைவிடக் குளிர்ச்சியாக அதனால் ஒருபோதும் ஆகமுடியாது. 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவான ஊர் இது. ஆகவே ஏசி போட்டாகவேண்டும். ஏசி சப்தம் போடும். கரண்ட் போகும்; யூபிஎஸ் கீச்சிடும். இத்தனையும் ஓய்ந்த அபூர்வமான நள்ளிரவில், கிராபிக்ஸ் கார்டின் கம்பிச்சுருள்கள் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தில் அதிர்ந்து மெல்லிய ரீங்காரம் செய்யுமாம்; காயில் வைன் என்கிறார்கள்; அதை எந்தத் தண்ணீராலும் அடக்க முடியாதாம்.

இந்த நிலையில்தான் பறக்கும் ரயிலேறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தேன். ஒரு சந்துக்குள் மாடிப்படியின் கீழிருந்த கடையில், சிறுவன் ஒருவன் என் பட்டியலை மேலிருந்து கீழே படித்து, ராம் என்ற இடத்தில் விரலை வைத்து, "இது நேத்து ரேட்டு சார்" என்றான். 2025-ன் கடைசி மாதங்களில் ஏஐ கம்பெனிகளின் டேட்டா சென்டர்களுக்காக ராம் சில்லுகளையெல்லாம் வாரிக்கொண்டுபோனதில், விலை இரட்டிப்பையும் தாண்டிவிட்டது. க்ரூஷியல் என்ற பெயரில் சில்லறைக்கு விற்றுவந்த மைக்ரான் கம்பெனியோ, அந்த வியாபாரத்தையே விட்டுவிடுவதாக டிசம்பரில் அறிவித்துவிட்டது. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்திலிருக்கும் ஐஐடியில் 1973-ல் நிறுவிய ஐபிஎம் 370/155 யந்திரத்தில் அதிகபட்சம் பொருத்தக்கூடிய நினைவகமே 2 எம்பிதான். அதை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறை எஞ்சினீயர்கள் உருவானார்கள். நான் கேட்டது அதைப்போல் 32,000 மடங்கு, மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பி மீனம்பாக்கத்திலேயே இறங்குவதற்கு.

தண்ணீரா, காற்றா என்ற கேள்விக்கு விடையை ராம் விலை இறங்கிய பிறகு எழுதுகிறேன். அதற்குள் உங்கள் பட்டியலோடு புறப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ரிச்சி தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் அன்று திறப்பதில்லை.