மார்கழிக் கோழிக்கு ஒரு வக்காலத்து

கொங்கு நாட்டுத் தோட்டங்களில் மார்கழி பிறந்ததும் எழும் முதல் புகார் கோழியைப் பற்றியது. தீவனம் தின்கிறது, குப்பையைக் கிளறுகிறது, வாசலில் போட்ட அரிசிமாவுக் கோலத்தில் பாதியைக் கொத்திப் பசியாறுகிறது. முட்டையை மட்டும் காணோம். குளிர் என்று ஒரு காரணம் சொல்லி, கூடவே சோம்பேறிப் பட்டமும் கட்டிவிடுகிறார்கள். குளிர் என்ற வாதம் நிற்காது. கோழிக்கு உடம்புச் சூடே 41 டிகிரிக்குப் பக்கம். அந்தச் சூடு நமக்கு வந்தால் ஆம்புலன்சைக் கூப்பிடுவோம். மேலே இறகுப் போர்வை வேறு. ஈரோடு, நாமக்கல் சமவெளியில் மார்கழி விடியல் 18, 20 டிகிரி. அதற்குக் குரங்குக் குல்லாயும் மப்ளரும் மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போவது மனிதன்தான். குளிர்தான் குற்றவாளி என்றால் சித்திரையில் முட்டை குவிய வேண்டுமே! அப்போது கோழி அலகைத் திறந்தபடி மூச்சு வாங்குகிறது, முட்டை சிறுக்கிறது, ஓடு மெலிகிறது.

உண்மையான காரணம் வெளிச்சம். கோழியின் மூளை பகலைக் கண்ணால் மட்டும் அளப்பதில்லை; மண்டையோட்டைத் தாண்டி உள்ளே வரும் ஒளியையும் நேரடியாக உணர்கிறது. பகல் குறையக் குறைய, இட்டது போதும் என்று உடம்பு தீர்மானித்து, பழைய இறகை உதிர்த்துப் புதிது கட்டத் தொடங்குகிறது. இறகு பெரும்பாலும் புரதம். முட்டைக்கான சரக்கு அங்கே செலவாகிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், இதே குறுகிய பகல்தான் வேலியோரத்து மொச்சையை எழுப்பிவிடுகிறது. ஆடியில் போட்ட நாட்டு மொச்சைக் கொடி, மாதக்கணக்கில் இலையும் தழையுமாகப் பந்தலை அடைத்துக்கொண்டிருந்துவிட்டு, பகல் சுருங்கிய பிறகே பூவெடுக்கும். காய்ந்த மொச்சையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு புரதம். கோழி விடுப்பில் போகும்போது மாற்று ஆள் வேலையில் சேர்ந்தாயிற்று. பச்சை மொச்சையும் கத்திரிக்காயும் போட்ட குழம்பு இருக்க, ஊறவைத்துத் தோல் நீக்கிய பிதுக்குப் பருப்பு இருக்க, ஆம்லெட் எங்கே என்று கேட்பவரிடம் பிதுக்கும் வேலையை ஒப்படைக்கலாம். ஒரு படி மொச்சை பிதுக்கியவர் அதன்பின் கோழியைச் சோம்பேறி என்று சொல்லமாட்டார்.

நம்மூரில் பகல் அப்படி என்ன குறைகிறது என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஆனியின் நீண்ட பகலுக்கும் மார்கழியின் குறுகிய பகலுக்கும் நாமக்கல்லில் வித்தியாசம் சுமார் ஒன்றேகால் மணி நேரம். ஹெல்சிங்கியில் குளிர்காலப் பகலே ஆறு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அதனால் நம் கோழி கடையை முழுதாக மூடுவதில்லை. எடுப்பது அரை விடுப்பு. நாட்டுக்கோழி எந்த மாதத்திலும் சில முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மார்கழியைக் குற்றம் சொல்ல முடியாது.

பக்திமான்கள் வேறு பக்கம் இழுப்பார்கள். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை, மார்கழியில் திருப்பாவை, தையில் பூசம். முட்டையைத் தொடாதது விரதத்தால் என்பார்கள். இருக்கட்டும். தொட வேண்டிய முட்டையே குறைவாக இருக்கும் காலத்தில் தொடாமல் இருப்பது சுலபமான விரதம் என்பது மட்டும் என் பணிவான கருத்து. பிறகு வருகிறார் பல்புக்காரர். நாமக்கல் பண்ணைகளில் விளக்குப் போட்டு வெளிச்சத்தை 16 மணி நேரமாக்குகிறார்கள், வெள்ளை லெகார்ன் வழிவந்த கோழிகள் வருஷத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடுகின்றன, நீங்களும் கூண்டில் ஒரு பல்பைக் கட்டுங்கள் என்பார். கட்டலாம். அவரையிலும் எல்லாப் பருவத்துக்கும் காய்க்கும் குத்துச்செடி ரகங்கள் வந்துவிட்டன. பகலைப் பொருட்படுத்தாத உழைப்பாளிகள். ஆனால் எழுபது, எண்பது முட்டையோடு வருஷத்தை முடிக்கும் நாட்டுக்கோழியை ராத்திரியில் விழிக்கவைத்தால், கூடுதலாகக் கிடைக்கும் நாலு முட்டையைவிட, நடுச்சாமத்தில் கூவும் சேவலின் கச்சேரியே மிச்சம்.

கடைசி வாதம்தான் ஆபத்தானது: முட்டையிடாத கோழியைப் பொங்கல் கறிக்கு அடித்துவிடலாமே? தோட்டத்தில் மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் பூசிப் பொங்கல் படைத்த கையோடு, கோழிக்குச் சட்டி வைப்பது என்ன கணக்கோ தெரியவில்லை. புது இறகு கட்டும் செலவையெல்லாம் செய்து முடித்து, பகல் நீளத் தொடங்கும் நேரத்தில் பெட்டையை அடிப்பது, நாற்று நட்டு உரம் போட்டபின் வயலை உழுவதற்குச் சமம். விருந்தாளிகளைச் சமாளித்தே ஆகவேண்டும் என்றால் சேவல்களைப் பார்க்கலாம். எந்த மாதத்திலும் அவை முட்டையிடப் போவதில்லை.