ஊதிச் சொருகிய வீரர்கள்

சண்டை கேம்களின் வரலாற்றை ஜப்பான்காரன் எழுதினால் 1991-ல் தொடங்குவான். அந்த வருடம்தான் கேப்காம் கம்பெனி ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’-ஐ இறக்கியது. ஆறு பட்டன், எட்டு வீரர்கள், அவர்களுக்கு மேலே நாலு வில்லன்கள், ஆள் உயரத்துக்கு மிஷின். ராஜபாளையத்துக்காரன் எழுதினால் அப்படித் தொடங்க வழியில்லை. அந்த மிஷினை அவன் கண்ணால் கண்டதில்லை. அவனுக்கு வந்து சேர்ந்தது மஞ்சள் பிளாஸ்டிக்கில் ஒரு கேசட். மேலே ஒட்டியிருந்த படத்தில் கதாநாயகன் ரியூ நெருப்பு விட்டுக்கொண்டிருந்தான். உள்ளே இருந்தவன் ரியூவின் சித்தப்பா மகன் மாதிரி இருந்தான்.

ஆகவே நம் வரலாறு தைவானில் தொடங்குகிறது.

நிண்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டி 1983-ல் பிறந்தது. தொண்ணூறுகள் வந்தபோது அதற்கு ஓய்வு பெறும் வயது. கேப்காம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ஐ 1992-ல் புதுப் பெட்டியான சூப்பர் ஃபேமிகாமுக்குக் கொண்டுபோய்விட்டது. ஆனால் ஆசியா முழுக்க வீடுகளில் இருந்தது பழைய பெட்டியின் நகல்தான். இந்தியாவில் மீடியா, சாமுராய், இன்னும் பெயரே இல்லாத பல. நமக்கு எல்லாமே ‘டிவி கேம்’. இந்தப் பெட்டிக்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர் கிடையாது என்று ஆனதும், “நீ விடாட்டி என்ன, நாங்க விடுறோம்” என்று தைவானில் சிலர் கிளம்பினார்கள். யோக்கோ சாஃப்ட், கோனி, ஹம்மர் டீம் என்று பெயர்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பன்னிரண்டு பேரை நாலைந்தாகக் குறைத்தார்கள். ஆறு பட்டன் ஆட்டத்தை இரண்டு பட்டனில் அடக்கினார்கள். ஜப்பானில் ‘வேகா’ என்று அழைக்கப்பட்ட பெரிய வில்லன், இவர்கள் எழுத்துக்கூட்டியதில் ‘வீகா’ ஆனான். தொப்பியைக்கூடக் கழற்றாமல் அடிக்கிற அந்த வீகாவைத்தான் நாங்கள் அசல் என்று நம்பினோம். பின்னாளில் கம்ப்யூட்டரில் உண்மையான வில்லனைப் பார்த்தபோது, “பேர தப்பா போட்டுருக்கான் பாரு” என்றோம்.

எண்ணிக்கையில் மட்டும் அவர்கள் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. கேப்காம் இரண்டாம் பாகத்தையே திருப்பித் திருப்பி மெருகேற்றிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5, இருபது பீப்பிள்ஸ்’ என்று தலைப்புப் போட்டுவிட்டார்கள். இருபது பேர் யார் என்றால், இருக்கிற ஆட்களுக்கே சட்டையை மாற்றி மறுபடி வரிசையில் நிறுத்தியிருப்பார்கள். தேர்தல் நேரத்தில் இதைவிட மோசமான கணக்கையெல்லாம் பார்த்திருக்கிறோம். நிஜமான ஐந்தாம் பாகத்தை கேப்காம் 2016-ல்தான் வெளியிட்டது. நாங்கள் அதை எட்டாம் வகுப்பிலேயே முடித்துவிட்டோம்.

ஹம்மர் டீம் 1993-ல் செய்த ‘கார்ட் ஃபைட்டர்’ இன்னும் ஒரு படி மேல். காளான் தின்று, குழாயில் இறங்கி, இளவரசியைத் தேடி ஓடிக்கொண்டிருந்த மேரியோவைப் பிடித்து வந்து நடுத்தெருவில் குஸ்திக்கு விட்டார்கள். எதிரில் அவன் தம்பி லூயிஜி. காலம் காலமாகக் கடத்தப்படுவதையே தொழிலாக வைத்திருந்த இளவரசியும் நேரில் இறங்கி, தன்னைக் கடத்துகிற பௌசரை உதைப்பார். எந்தப் பெண்ணுரிமை மாநாட்டிலும் தைவான் திருடர்களுக்கு இதற்காக ஒரு சால்வை போர்த்தியதாகத் தெரியவில்லை. மேரியோ கும்பலைத் தங்களுக்குள் அடித்துக்கொள்ள விடலாம் என்ற யோசனை நிண்டெண்டோவுக்கு வந்தது ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்’ வெளியான 1999-ல்தான்.

இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள், திருட்டுக்குப் பெருமையா என்று. அவர்களுக்காக இன்னொரு கதை. 1992-ல் தைவானிலிருந்து புறப்பட்ட திருட்டு போர்டுகள் அசல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் மிஷின்களுக்குள்ளேயே புகுந்தன. ‘ரெயின்போ எடிஷன்’ என்று பெயர். ஆகாயத்தில் தாவியபடியே நெருப்பு விடலாம், சண்டையின் நடுவிலேயே ஆளை மாற்றிக்கொள்ளலாம், எல்லாம் தலைதெறிக்கிற வேகம். அமெரிக்காவில் கேப்காம் ஆட்கள் இதைப் பார்த்து முதலில் தலையில் அடித்துக்கொண்டார்கள். பிறகு, பையன்கள் அசலை விட்டுவிட்டு இதில் காசு போடுவதைக் கவனித்தார்கள். அந்த டிசம்பரிலேயே வேகத்தைக் கூட்டி, கொண்டைக்காரி சன்லிக்கு நெருப்புப் பந்தும் கொடுத்து ‘டர்போ’ என்று கம்பெனியே வெளியிட்டது.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். கேசட்டைப் பிரித்தால் சிப் கண்ணில் படாது. பச்சைப் பலகையில் கறுப்பாக ஒரு தார்ச்சொட்டு. அவ்வளவுதான் ஒட்டுமொத்த வீகா சாம்ராஜ்யமும். திரையில் கட்டம் கட்டமாக வந்தால் கேசட்டை உருவி, அடியில் ஒரு ஊது ஊதி, மறுபடி சொருக வேண்டும். ஊதுவதிலும் பதவி வரிசை உண்டு. டிவி கேமை வாடகைக்கு ஆடவிடும் கடை அண்ணாச்சி ஊதினால் ஒரே ஊதில் வரும் என்பது ஐதீகம். எச்சில் ஈரம் பட்டு அந்தச் செம்புப் பற்களில் இன்னும் களிம்பேறும் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் நாத்திகன் என்று ஒதுக்கியிருப்போம்.

அடுத்தது மினுக்கல். இரண்டு வீரர்களும் நெருங்கினால் ஒருவன் கை காணாமல் போகும், இன்னொருவன் இடுப்போடு மறைவான். காரணம் எளிது. அந்தப் பெட்டியின் படச்சில்லு ஒரே கிடைவரியில் எட்டு உருவத் துண்டுகளைத்தான் காட்டும். ஒரு துண்டுக்கு எட்டுப் புள்ளி அகலம். ரியூ நாலு துண்டு அகலத்துக்கு நின்றால், எதிராளிக்கு மீதி நாலு, கணக்கு தீர்ந்தது. இந்த நேரத்தில் ஒருவன் நெருப்பு விட்டால் ஒன்பதாவது துண்டு எங்கே போகும்? ஆகவே முறைவைத்து ஆளாளுக்குக் கொஞ்ச நேரம் மறைவார்கள். எங்கள் ஆராய்ச்சி முடிவு வேறு. “மில்லு ஷிஃப்ட் ஓடுது, கரண்ட மொத்தமா அங்க இழுக்குறான்” என்றது ராஜபாளையம் கட்சி. நூற்பாலை ஊரில் வேறு என்ன தோன்றும்? பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரின் கட்சி, அடி பலமாக விழுந்தால் ஆள் மங்குவான் என்றது. நாலாம் தெரு அத்தை, “டிவி கண்ணு கெட்டுப்போச்சு, அணைங்கடா” என்றார். மூவரில் உண்மைக்கு மிக அருகில் வந்தது அத்தைதான் என்று இப்போது நினைக்கிறேன்.

விமர்சனம் என்றால் அதெல்லாம் கடுமையாக இருக்கும். தாடிக்காரன் சாங்கீஃப் வேஸ்ட், ஏனென்றால் அவன் நடந்து வருவதற்குள் கடையில் கொடுத்த அரை மணி நேரம் முடிந்துவிடும். கொண்டைக்காரி சன்லியை எடுப்பவனைப் பொம்பளை ஆளு என்று கேலி செய்து, பிறகு அவனிடமே தோற்று, அடுத்த ஆட்டத்தில் அவளுக்காகவே அடித்துக்கொள்வார்கள். கையில் இருக்கும் ரிமோட்டில் டர்போ பட்டன் இருந்தால், எதிராளியை மூலையில் மாட்டி அதை அமுக்கிப் பிடித்தால் போதும், அவன் எழவே முடியாது. இது ஆட்டத் திறமையா, போங்காட்டமா? இந்த ஒரு கேள்வியில் இரண்டு ஊர்களும் பிரிந்து நின்றன. அண்ணாச்சியின் கருத்து மட்டும் நடுநிலையானது: “எந்த கேசட்டுக்கு ரிமோட்டு ஜாஸ்தி உடையுதோ, அதான் நல்ல கேம்.”

அந்த வழக்கின் மேல்முறையீடு செண்பகத்தோப்பில் நடந்தது. மலையடிவாரத்தில் இரண்டு ஊருக்கும் பொதுவான இடம் அது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கட்சி நேராக மேற்கே சைக்கிளை மிதிக்கும், ராஜபாளையம் கட்சி மம்சாபுரம் வழியாக வரும். ஓடையில் முங்கி எழுந்து, பாறையில் துணியைக் காயப்போட்டு, சப்பட்டை மாம்பழத்தைக் கீறிக்கொண்டு உட்கார்ந்தால் வழக்கு தொடங்கும். தீர்ப்பு வந்ததே இல்லை. அதற்குப் பதிலாக எங்களுக்கென்று ஒரு கேசட் உருவாகிவிட்டது. தைவான்காரன் மேரியோவைத் தூக்கலாம் என்றால், நாங்கள் எங்கள் ஊர் ஆட்களைத் தூக்கக் கூடாதா? செலவு ஒரு நாற்பது பக்க நோட்டு.

முதல் ஸ்டேஜ், வில்லியும் கண்டனும். மல்லி ராணியின் பிள்ளைகள். வேட்டைக்குப் போன இடத்தில் கண்டன் புலியைத் துரத்தினான், புலி கண்டனை முடித்தது. சகோதரனைத் தேடிக் களைத்துத் தூங்கிய வில்லியின் கனவில் பெருமாள் வந்து நடந்ததைச் சொல்ல, அவன் காட்டைத் திருத்தி ஊரை எழுப்பினான். இதை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் தல வரலாறு என்பான். ராஜபாளையத்துக்காரனுக்கு இது முதல் ஸ்டேஜிலேயே ஒரு பிளேயர் அவுட், இன்னொருவன் கண்டினியூ கொடுத்த கதை. புலியை பாஸ் ஆக்கியது சரிதான் என்று பின்னால் அரசாங்கமே ஒத்துக்கொண்டது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் என்று மொத்த ஸ்டேஜையும் அதன் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

பெரியாழ்வார் விஷயத்தில் சிக்கல் வந்தது. மதுரையில் வல்லபதேவ பாண்டியன் சபையில் அவர் பேசப் பேச, உயரத்தில் கட்டியிருந்த பொற்கிழி தானாக இறங்கி வந்தது என்பார்கள். ஒரு அடியும் அடிக்காமல், ஒரு அடியும் வாங்காமல் ஜெயித்தவர். இவரைச் சேர்த்தால் மற்றவர்களுக்கு வேலையில்லை என்று விட்டுவிட்டோம். ஆண்டாளைத் தொடவில்லை. ஆண்டாள் பற்றிய சர்ச்சையில் 2018-ல் ஊர் கொதித்ததைப் பார்த்தபோது, எட்டாம் வகுப்பிலேயே எங்களுக்கு இருந்த விவேகத்தை எண்ணி வியந்தேன். ராக்காச்சி அம்மன் பெயரை நோட்டில் எழுதக்கூட ஒருத்தனும் முன்வரவில்லை. கோயில் கூப்பிடு தூரத்தில் இருந்தது.

ராஜபாளையம் தன் பங்குக்கு நாயை இறக்கியது. வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, பாய்ந்தால் தொடையைக் கவ்வும். 2005-ல் தபால்தலையிலேயே ஏறிய வீரன். சஞ்சீவி மலையிலிருந்து மூலிகை உருண்டு வந்தால் லைஃப் கூடும். அனுமார் தூக்கிப் போன மலையில் பிய்ந்து விழுந்த துண்டு எங்கள் ஊரில் இருப்பதால் அதற்கு ராயல்டி கிடையாது. பி.எஸ். குமாரசாமி ராஜாவையும் சேர்க்க வேண்டும் என்று ஒருவன் அடம் பிடித்தான். 1949 முதல் 1952 வரை மெட்ராஸ் மாகாணத்தின் முதலமைச்சர், சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். “அவரு வேணாண்டா, கெடைக்கிற பவரையெல்லாம் எதிராளிக்கே குடுத்துருவாரு” என்று நிராகரிக்கப்பட்டது. 1952 தேர்தலில் அவர் தோற்றதும் அந்தக் கணக்கில் ஒத்துப்போனது.

கடைசியில் மிச்சமிருந்தது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கட்சியின் துருப்புச் சீட்டு: சாம்பல் அணில். எண்பதுகளின் கடைசியில் அதற்கென்றே சரணாலயம் அறிவித்திருந்தார்கள். பூனை அளவு உடம்பு, அதற்குக் குறையாத வால், மரத்துக்கு மரம் தாவுமே தவிர லேசில் தரைக்கு வராது. தரைக்கு வராதவனைக் காலை வாரி எப்படி விழவைப்பது? மூலையில் எப்படி மாட்டுவது? நாய் கீழே நின்று குரைத்துக்கொண்டே இருக்கும், டைம் முடியும், பவர் குறையாத அணில் ஜெயிக்கும். ராஜபாளையம் கட்சி நோட்டைப் பிடுங்கி அணில் பக்கத்தைக் கிழித்தது. அன்றைக்கு இரண்டு சட்டைகள் ஓடையோடு போயின.

நோட்டு கேசட் ஆகவில்லை. பையன்கள் ‘முஸ்தபா’வுக்குத் தாவினார்கள். கேப்காம் 1993-ல் ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’ என்று பெயர் வைத்ததை, அதில் வரும் நாலு பேரில் ஒருவன் பெயரால் தமிழ்நாடே மாற்றிக் கூப்பிட்டது. பிறகு பிரவுசிங் சென்டர், பிறகு செல்போன், பிறகு வேலை. கட்சிக்காரர்கள் திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் என்று கலைந்தார்கள்.

போன வைகாசியில் மம்சாபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எதிரும் புதிருமாக இரண்டு பேர், இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. ரசம் ஊற்றும்போது ஒருவன் ஆரம்பித்தான்.

“மாப்ள, நியாயமாச் சொல்லு. அணிலு போங்காட்டம்தான?”

“நீ மூலையில வச்சு டர்போ அமுக்குனியே, அது?”

“அது ரிமோட்டுல குடுத்த பட்டன்டா!”

“இதுக்கு மரம் குடுத்துருக்கு, ஏறுது.”