குற்றாலத்துப் பொதியும் குறையாத எடையும்: ஓர் அளவையியல் ஆராய்ச்சி

1. சொல்லும் பொருளும்

கடையில் சமைத்த உணவை அங்கேயே இலை போட்டு உண்பது ஒரு வகை, கட்டி வாங்கிச் சென்று வேறிடத்தில் உண்பது மறுவகை எனக் கொண்டால், பின்னது தமிழ் வழக்கில் ‘பார்சல்’ எனப்படும். ‘சிறு பகுதி’ என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தென்காசிப் பேருந்து நிலையத்துக்கும் வந்து சேர்ந்த இச்சொல், வரும் வழியிலேயே பருத்துவிட்டது. ஏனெனில் இன்று நாலு பரோட்டா, ஒரு காடை, இரண்டு பை சால்னா ஆகியவற்றின் தொகுதியையே அது குறிக்கிறது. சொல்லே பருத்துவிட்ட இடத்தில் அதைச் சுமந்து செல்பவர் பருப்பதில் வியப்பில்லை.

சொல் புதிதாயினும் பொருள் பழையது. பொதிசோறு, கட்டமுது, கட்டுச்சோறு ஆகிய பெயர்களில் அது தமிழரிடையே நெடுங்காலமாக வழங்கியது என்பதற்கு, திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசித்துக் களைத்த திருநாவுக்கரசருக்குச் சிவபெருமானே பொதிசோறு அளித்ததாகப் பெரியபுராணம் கூறுவது சான்றாகும். ஆகவே பொதி என்பது மூலபாடம், சால்னாதான் இடைச்செருகல்.

இவ்வாய்வின் நில எல்லை தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, பிரானூர் ஆகிய ஊர்களாகும். திருநெல்வேலியிலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமாகிய தென்காசியின் மேற்கே உள்ள செங்கோட்டை, 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதுதான் கேரளப் பக்கத்திலிருந்து தமிழ்ப் பக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்பிருந்த எல்லையின் எச்சமே ‘பிரானூர் பார்டர்’ என்னும் பெயர். எல்லை மேற்கே நகர்ந்துவிட்ட பின்னும் பெயர் நகரவில்லை. ரஹ்மத் கடை முதலியவற்றின் புகழால் அது பரோட்டாவின் அடைமொழியாகி, எந்த எல்லையும் இல்லாத ஊர்களின் பெயர்ப்பலகைகளிலும் ‘பார்டர் பரோட்டா’ என்று ஏறிவிட்டது. எல்லை என்ற பெயரைத் தாங்கிய உணவு எல்லையின்றி உண்ணப்படுவது இவ்வாய்வைத் தூண்டிய முதல் முரண்பாடாகும்.

2. அளவை அலகு

கலோரி என்பது வெப்பத்தின் அளவு. ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடேற்றத் தேவைப்படும் வெப்பமே உணவியலார் சொல்லும் கலோரி. கறாரான அறிவியலில் அதைக் கிலோகலோரி என்பர். மாவுப்பொருளும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி தரும். உடலில் சேர்ந்த ஒரு கிலோ கொழுப்பைக் கரைக்க ஏறத்தாழ 7,700 கலோரி பற்று விழ வேண்டும் என்பது பொதுக் கணக்கு.

இந்த எண்கள் உண்மையாயினும், பரோட்டாக் கல்லுக்கு முன் நிற்கும் ஒருவர் மனத்தில் அவை எந்தப் படத்தையும் எழுப்புவதில்லை. மேலும், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள், மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும் 10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ளவையுமே விலைப்பட்டியலில் கலோரியைக் காட்ட வேண்டும் என்று விதிப்பதால், ஒற்றைக் கல்லும் ஒற்றை மாஸ்டருமாக இயங்கும் கடை இக்கடமையிலிருந்து விடுபட்டு நிற்கிறது. 1918இல் குன்னூரில் ஒரு சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கி 1958இல் ஹைதராபாதுக்குப் பெயர்ந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணை 528 உணவுப்பொருள்களை விரிவாக ஆராய்கிறது எனினும், அது மைதாவோடு நின்றுவிடுகிறது. மைதா பரோட்டாவாக மாறும் வீச்சிலும் மடிப்பிலும் நிகழ்வதை ஆய்வாளர் தாமே கணக்கிட்டுக்கொள்ள வேண்டியுள்ளது.

இக்குறையை நீக்கும்பொருட்டு ‘அருவி’ என்னும் புதிய அலகு இங்கே முன்மொழியப்படுகிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர், சுமார் 60 மீட்டர் உயரம் எனச் சொல்லப்படும் குற்றாலப் பேரருவியின் உயரத்தை ஒருமுறை ஏறினால் செலவாகும் ஆற்றல் ஓர் அருவியாகும். தசைகள் தாம் எரிக்கும் ஆற்றலில் கால் பங்கையே வேலையாக மாற்றுகின்றன என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஓர் அருவி ஏறத்தாழ 40 கலோரிக்குச் சமம். சிறிய இட்லி ஒன்றின் கலோரியும் ஏறத்தாழ 40 என்பதால், ஓர் இட்லி ஓர் அருவி என்னும் இணையான சமன்பாடு எவர் முயற்சியுமின்றிக் கிடைக்கிறது. இவ்வலகு இயற்கையின் ஒப்புதலைப் பெற்றது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அருவியையும் வெப்பத்தையும் இணைத்துப் பார்ப்பது புதுமையுமன்று. விழும் நீரின் வேகம் வெப்பமாக மாறும் என்று கருதிய ஜேம்ஸ் ஜூல், 1847இல் தேனிலவுக்குச் சென்ற ஆல்ப்ஸ் மலைப்பகுதியிலும் கையில் வெப்பமானியோடு அருவி தேடித் திரிந்ததாகக் கெல்வின் பிற்காலத்தில் எழுதிவைத்தார். நீர் ஒரு டிகிரி சூடாவதற்கு ஏறத்தாழ 427 மீட்டர் விழ வேண்டும் என்பது அக்கொள்கையின் கணக்கு. அதன்படி பேரருவி நீர் கீழே வந்து சேரும்போது ஒரு டிகிரியில் ஏழில் ஒரு பங்கே சூடாகிறது; அடியில் நிற்போர் இச்சூட்டை உணர்ந்ததாகச் செய்தி இல்லை.

3. பசியின் பிறப்பு

உணர்வது குளிரையே. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று சாரலோடு மலையிறங்கும்போது, பேரருவி, ஐந்தருவி, பழைய அருவி என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தலையைக் கொடுத்துவிட்டு வருவோர் அனைவரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கின்றனர்: “குளிச்சதும் என்னா பசி பசிக்கி!” இதை வெறும் வாய்ப்பேச்சு என்று ஒதுக்கிவிட இயலாது. அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், 20 டிகிரி நீரில் மூழ்கியபடி 45 நிமிடம் மிதிவண்டிப் பொறியை மிதித்தவர்கள், 33 டிகிரி நீரில் அதே பயிற்சியைச் செய்தபோது உண்டதைவிட 44 சதவீதம் கூடுதலான கலோரியைப் பின்னர் உண்டனர். குற்றாலத்தில் மிதிவண்டியும் இல்லை, 45 நிமிடம் தொடர்ந்து நிற்கக் கூட்டம் விடுவதும் இல்லை. பசி மட்டும் குறைவின்றி விளைகிறது. ஆகவே எடை குறைக்க விரும்புவோரின் முதல் எதிரி பரோட்டா அன்று. அதற்கு முந்தைய குளியலே.

4. எண்ணெயின் இருநிலை

45 கிராம் மைதாவும் 10 கிராம் எண்ணெயும் கொண்ட நடுத்தரப் பரோட்டா ஒன்று ஏறத்தாழ 250 கலோரி, அதாவது ஆறேகால் அருவி. தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு உள்ள 5 கிலோமீட்டரையும் நடந்தே கடப்பவர் ஏறத்தாழ இதே அளவைச் செலவழிக்கிறார் என்பதால், ஒரு நடைக்கு ஒரு பரோட்டா என்ற நேர்விகிதம் பெறப்படுகிறது. ஆயினும் ஒரு பரோட்டாவோடு எழுந்தவரையும், ஒரு பரோட்டாவுக்காக நடந்தவரையும் ஒருங்கே காண்பது அரிது.

இக்கணக்கில் மைதாவைவிட எண்ணெயே நுட்பமானது. 15 மில்லி கொள்ளும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி, அதாவது மூன்று அருவி உறைகிறது. குற்றாலமோ எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கும் பெயர் பெற்றிருந்த ஊர். துண்டு கட்டி உட்கார்ந்தவரின் முதுகில் ஒருவர் அதே ஒரு கரண்டி எண்ணெயை ஊற்றி அறைந்து தேய்க்கும்போது அதன் கலோரி மதிப்பு பூச்சியம். அரைமணி கழித்து அது கல்லில் ஊற்றப்படும்போது மூன்று அருவி. பொருள் ஒன்றாக இருக்க, உடலின் எந்தப் பக்கத்தில் சேர்கிறது என்பதைப் பொறுத்து மதிப்பு மாறும் இப்பண்பை ‘எண்ணெயின் இருநிலைக் கோட்பாடு’ எனலாம்.

5. மயக்கங்கள்

மயக்கம் என்பது எடை குறைப்போர், குறைந்த கலோரி என்று நம்பி மிகுந்த கலோரியைத் தேர்ந்துகொள்ளும் பிழை. இவ்வட்டாரத்தில் அது நான்கு வகைப்படும்.

முதலாவது சப்பாத்தி மயக்கம். “டயட்ல இருக்கேன், சப்பாத்தி குடுங்க” என்று கேட்பவர், அது பரோட்டா வெந்த அதே கல்லில், அதே எண்ணெயில், அதே கரண்டியால் புரட்டப்படுவதை நோக்குவதில்லை. கோதுமை தன் நற்பெயரை மாவு நிலையிலேயே இழந்துவிடாமல் காப்பாற்றிக்கொண்டாலும், கல்லின் மேல் அதைக் காப்பாற்றிக்கொள்ள இயலுவதில்லை.

இரண்டாவது கொத்து மயக்கம். பரோட்டாவின் ஒரே நற்குணம் அது எண்ணத்தக்கது என்பதே. இரண்டு பரோட்டாவை முட்டை, வெங்காயம், சால்னாவோடு சேர்த்து இரும்புத் தகடுகளால் தாளம் தட்டிச் சிதைத்துவிட்டால், ஒன்று இரண்டு என்ற எண்ணிக்கை அழிந்து, ‘ஒரு கொத்து’ என்ற ஒருமையே எஞ்சுகிறது. பரோட்டா இரண்டும் 500, முட்டை 75, ஒரு கரண்டி எண்ணெய் 120 எனக் கூட்டினால் சால்னாவைச் சேர்க்குமுன்பே பதினேழு அருவியைக் கடந்துவிடும் இவ்வொருமையை உண்டவர், தாம் பரோட்டாவே உண்ணவில்லை என்று மனச்சாட்சியோடு கூற முடிகிறது.

மூன்றாவது இடியாப்ப மயக்கம். ஆவியில் வெந்த இடியாப்பம் எண்ணெயற்றது என்பது மெய். ஆனால் நெல்லைச் சீமையில் அதன் துணை சொதி. சொதியின் உயிரோ தேங்காய்ப்பால். எண்ணெய் ஒழிந்த வாசல் வழியே தேங்காய் நுழைவதை எவரும் தடுப்பதில்லை.

நான்காவது நொறுக்கு மயக்கம். காரில் கொறிக்க வாங்கும் நேந்திரம் சிப்ஸ் உணவாகவே கருதப்படுவதில்லை என்பதால் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. 100 கிராம் சிப்ஸ் 500 கலோரியைத் தாண்டும், அதாவது இரண்டு பரோட்டா. அதே சீசனில் அருகிலேயே குவிந்திருக்கும் மங்குஸ்தானின் சதை 100 கிராமுக்கு 70 கலோரி அளவே உடையது. அதன் எடையில் பெரும்பகுதி தோல் என்பது வாங்குபவரின் பணப்பைக்கு இழப்பாயினும் இடுப்புக்கு ஆதாயம். இட்லி, மங்குஸ்தான், எண்ணெயின்றிச் சுட்ட கோழி ஆகியவை இவ்வட்டாரத்தின் நேர்மையான பண்டங்கள் எனலாம்.

6. முடிச்சுக் கோட்பாடு

மேற்கண்டவற்றால், எதை உண்பது என்பதைவிட எங்கே உண்பது என்பதே தீர்மானமானது என்று கொள்ள இடமுண்டு. கடையில் இலைமுன் அமர்ந்தவர் எத்தனை பரோட்டா என்று சொல்கிறாரே தவிர எவ்வளவு சால்னா என்று சொல்வதில்லை. “அண்ணாச்சி, சால்னா ஊத்தவா?” என்ற வினாவுக்கு “லேசா ஊத்துங்க” என்பதே வழக்கமான விடை, ‘லேசா’ என்பது ஊற்றுபவரின் மணிக்கட்டைப் பொறுத்த அளவையேயன்றி உண்பவரின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. சால்னா மிஞ்சினால் அதற்காக ஒரு பரோட்டா, பரோட்டா மிஞ்சினால் அதற்காகச் சால்னா என்று இலையில் ஒரு முடிவிலித் தொடர் உருவாகிறது.

பார்சலுக்கோ முடிச்சு உண்டு. நூலால் கட்டப்பட்ட பை அதற்கு மேல் நிறைவதில்லை. இலைப்பொதி வீட்டுக்கு வந்தபின் பெருகுவதில்லை. பொதுவாக எடையின் பகை என்று பழிக்கப்படும் பார்சலே, தென்காசி வட்டாரத்தில் உணவுக்கு இடப்பட்ட முற்றுப்புள்ளி என்பது இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பாகும். இதன் முழுப்பயனைப் பெற விதிகள் இரண்டு.

ஒன்று, பார்சலை அருவிக்குப் போகுமுன் சொல்லிவைத்துத் திரும்பும்போது வாங்குக. எண்ணிக்கையைச் சொல்வது வறண்ட தலையாக இருக்கட்டும். இரண்டு, சால்னாவைத் தூக்குச்சட்டியில் வாங்குக. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் விதிக்கப்பட்ட தடைக்கு இணங்குவது மட்டுமன்று அதன் பயன். வீடு வந்தபின் தூக்கைப் பத்து நிமிடம் அசையாது வைத்தால் எண்ணெய் செந்நிறப் படலமாக மேலே வந்து நிற்கும். அதில் ஒரு மேசைக்கரண்டியை வழித்தெடுப்பவர், பேரருவியை மூன்றுமுறை ஏறிய பலனைச் சமையலறையிலேயே பெறுகிறார். இலையில் ஊற்றிய சால்னாவுக்குத் தெளிய நேரம் கிடைப்பதில்லை என்பதால், இவ்வசதி பார்சலுக்கே உரியது.

7. முடிவும் ஓர் எச்சரிக்கையும்

இரண்டு பரோட்டா, எண்ணெய் வழித்த சால்னா, சுட்ட கோழி என்று அமையும் பொதி பதினெட்டு முதல் இருபது அருவிக்குள் அடங்கும் என்றும், பரோட்டாவில் ஒன்றை விட்டு இரண்டு இட்லியைக் கொண்டால் மேலும் நான்கு அருவி குறையும் என்றும் இவ்வாய்வு முடிவு கட்டுகிறது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு அருவி குறைவாக உண்பவர் பதினாறு நாளில் ஒரு கிலோ இழப்பார் என்பது கணக்கு. சீசன் முடியும்வரை அதைக் கடைப்பிடிப்பது ஒழுக்கம்.

எஞ்சுவது ஒரே சிக்கல். வழித்தெடுத்த எண்ணெயை வாஷ்பேசினில் ஊற்ற எந்த வீட்டு அம்மாவும் இசைவதில்லை; அது ஒரு கிண்ணத்தில் மூடிவைக்கப்பட்டு, மறுநாள் காலை, பரோட்டா வாசனை வீணாகக் கூடாதென்று தோசைக்கல்லில் ஊற்றப்படுகிறது. ஆற்றல் அழிவதில்லை, வடிவமே மாறுகிறது என்று உலகுக்கு உணர்த்தியவர்களில் ஒருவர் மேலே சுட்டிய ஜூல். தென்காசிக் குடும்பங்களில் அது வடிவமும் மாறுவதில்லை. ஒருவர் தட்டிலிருந்து மற்றவர் தட்டுக்கு மாறுகிறது. ஆதலால் எடையைத் தனியொருவருக்கன்றிக் குடும்பத்துக்கே கூட்டிக் கணக்கிட வேண்டும் என்பதும், அவ்வாறு கணக்கிட்டால் எவர் எடையும் இதுவரை குறையவில்லை என்பதும் இதனால் போதரும்.