பக்கம் எத்தனை, பத்தி எத்தனை?

டிராகன் வாயைத் திறந்து நெருப்பைக் கக்கப் போகிறது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் தவிர எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஒருவர் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு, "ஒரு சின்ன கிளாரிஃபிகேஷன்" என்பார். "போன ரவுண்டில்தான் ஒருதரம் நெருப்புக் கக்கியாச்சே? திரும்பக் கக்கணும்னா ஆறுமுகப் பகடையில் 5 இல்லாட்டி 6 விழணுமே. உருட்டினியா தம்பி? எனக்குச் சத்தம் கேக்கலையே."

டிராகன் வாயை மூடிக்கொள்ளும். அடுத்த அரைமணி நேரம் அதற்கு வேலை கிடையாது.

இவர்தான் விதிநூல் சட்டாம்பிள்ளை. திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க்கைச் சுற்றியுள்ள அடுக்குமாடிகளில், ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்புச் சாப்பாடு செரிக்கும் நேரத்தில், 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடக் கூடும் கூட்டம் எதுவானாலும் இவர் இல்லாமல் இராது. பெயர் மாறும், வழுக்கையின் அளவு மாறும். கையில் இருக்கும் புத்தகமும், அதிலிருந்து எட்டிப்பார்க்கும் மஞ்சள் சீட்டுகளும் மாறா.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: ஒருவர் மந்திரவாதி, ஒருவர் வாள்வீரன், ஒருவர் திருடன். "கதவைத் திறக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால் கதவுக்குப் பின்னால் என்ன என்று கதைசொல்லி சொல்வார். பூட்டு திறந்ததா, விரல் போனதா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். இதில் ஜெயிப்பவரும் இல்லை, தோற்பவரும் இல்லை. நம் பாட்டிமார் கதை சொல்லும்போது நடுவில் ஒரு பகடையையும் உருட்டியிருந்தால் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் பாட்டிக்கு விதிநூல் இல்லை. இந்த ஆட்டத்துக்கு உண்டு.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் இதை வெளியிட்டபோது பெட்டிக்குள் மூன்று மெல்லிய கையேடுகள்தான் இருந்தன. பின்னாளிலோ ஆட்டக்காரர் நூல் மட்டும் 2014 பதிப்பில் 320 பக்கம், 2024 பதிப்பில் 384 பக்கம். கதைசொல்லிக்கு ஒரு நூல், பூதகணங்களுக்கு ஒரு நூல் தனி. கைகாக்ஸ் அதற்கு முன்பு சிகாகோவில் இன்ஷூரன்ஸ் அண்டர்ரைட்டராக இருந்தவர். அதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு இந்த ஆட்டத்தில் எதுவும் ஆச்சரியமாக இல்லை. மந்திரம் ஒவ்வொன்றின் கீழும் பாலிசிப் பத்திரம் மாதிரி நிபந்தனைகள் இருக்கும். வாசகர்கள் விளக்கம் கேட்டுக் கேட்டு நச்சரித்ததால், 1979 முதல் 'டிராகன்' பத்திரிகையில் விதிச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லவே ஒரு பகுதி நடந்தது. சட்டாம்பிள்ளை உலகப் பிரஜை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஆனாலும் திருவனந்தபுரத்துச் சட்டாம்பிள்ளைக்கு ஒரு பாரம்பரியம் உண்டு. ஸ்டாச்சு ஜங்ஷனில் 1869இல் எழுந்த வெள்ளைச் செகரட்டேரியட் கட்டடத்தின் நிழலில் வளர்ந்த ஊர் இது. இவருடைய அப்பா செகரட்டேரியட்டில் செக்ஷன் ஆபீசராக ரிட்டயர் ஆனவர், இல்லாவிட்டால் தாத்தா ஏஜீஸ் ஆபீசில் இருந்தவர். கரமனை அக்ரஹாரத்துத் திண்ணையில் கேரள சர்வீஸ் ரூல்ஸைத் தாலாட்டாகக் கேட்டவர் நம் ஆள். ஈட்டிய விடுப்புக்கும் அரைச் சம்பள விடுப்புக்கும் வித்தியாசம் தெரிந்த பிறகுதான் அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவே வந்தது. இப்போது டெக்னோபார்க்கில் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறார். வேறு எங்கே இருப்பார்?

துணைச் சாமான்கள் விஷயத்தில் மனிதர் கறார். மந்திரவாதியின் இடுப்பில் ஒரு பை இருந்தால் போதும், விலை குறிக்காத மந்திரச் சரக்கெல்லாம் அதில் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம் என்று புத்தகமே சலுகை தருகிறது. சட்டாம்பிள்ளைக்குச் சலுகை பிடிக்காது. பட்டியலை எடுத்துக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்குப் போனார். ஆளை வேகமாக ஓடவைக்கும் மந்திரத்துக்கு அதிமதுரம். சுவரில் வழி திறக்கும் மந்திரத்துக்கு ஒரு சிட்டிகை எள். காற்றை ஏவப் பயறு. மேலைநாட்டு மந்திரவாதியின் பை முக்கால்வாசி நம் நாட்டு மருந்துக் கடையிலேயே நிரம்பிவிடுகிறது. நெருப்புருண்டைக்குக் கந்தகமும் வௌவால் எச்சமும் என்று வாசித்தபோதுதான் கடைக்காரர் தலைநிமிர்ந்து, "சாருக்கு எங்க வலி?" என்று கேட்டார்.

பகடைக்கு எவர்சில்வர் தாம்பாளம். கீழ்வீட்டுக்காரர் சத்தம் தாங்காமல் மேலே வந்த பிறகு அதில் ஒரு துவர்த்து விரிக்கப்பட்டது. துவர்த்தின் மடிப்பில் பகடை சாய்ந்து நின்றால்? நேந்திரங்காய் சிப்ஸ் மேல் ஏறி நின்றால்? புத்தகம் இதில் வாய் திறக்கவில்லை. அவரே ஒரு சுற்றறிக்கை எழுதி, பிரிண்ட் எடுத்து, ஆளுக்கொரு நகல் கொடுத்துவிட்டார். பிற்சேர்க்கை 'ஆ' சிப்ஸ் பற்றியது.

கதை சொல்லும் பையன் நாகர்கோவில்காரன், பொறுமைசாலி. ஒருமுறை அவன் உள்ளூர் வாசனையோடு ஒரு சாகசம் தயார் செய்தான். ஒரு கற்பனை நாடு, ஒரு பழைய கோயில், அதில் யாரும் திறக்காத ஒரு நிலவறை. எந்த ஊர் என்று சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது. பத்மநாபசுவாமி கோயில் நிலவறைகளை 2011இல் உச்ச நீதிமன்ற ஆணைப்படி திறந்தபோது 'பி' அறை மட்டும் திறக்கப்படாமல் நின்றதும், 2020 ஜூலைத் தீர்ப்பு அந்த முடிவைக் குழுக்களிடமே விட்டதும் இந்த ஊர் ஆட்டோக்காரர் எல்லோரும் அறிந்த கதைதானே. பையன் நாகபந்தனம், காவல் யட்சி, மூன்று புதிர் என்று விடிய விடிய எழுதிக்கொண்டு வந்திருந்தான்.

சட்டாம்பிள்ளை எள்ளுப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார்.

"கதவை எதுக்குத் தம்பி திறக்கணும்? கதவு இரும்புன்னு நீயே சொன்னே. பக்கத்துச் சுவர் கருங்கல். மந்திரம் மரம், காரை, கல் மூணுக்கும் செல்லும். அஞ்சடி அகலம், எட்டடி உயரம், இருபதடி ஆழம். நாகபந்தனம் கதவுக்குத்தானே?"

"அண்ணாச்சி, யட்சி பாவம், ராத்திரியெல்லாம் உக்காந்து எழுதினது..."

"யட்சிக்கு நான் ஆட்சேபணை சொல்லலையே. அவ கதவுகிட்டயே நிக்கட்டும்."

மூன்று மாதக் கதை ஒரு சிட்டிகை எள்ளில் முடிந்தது. பையன் பேசாமல் எழுந்துபோய்க் கட்டன் சாயா போட்டுக்கொண்டு வந்தான்.

இத்தனை இம்சையையும் ஏன் பொறுத்துக்கொள்கிறார்கள் என்றால், சட்டாம்பிள்ளைகளில் இரண்டு சாதி உண்டு. தனக்குச் சாதகமான விதி மட்டும் ஞாபகம் வைத்திருப்பவன் ஒருவன். அவனை இரண்டாம் வாரமே கூப்பிடமாட்டார்கள். நம்மவர் அப்படியில்லை. ஒரு சண்டையில் அவருடைய மந்திரவாதி நினைவிழந்து கிடந்தான். சாவதற்கு மூன்று தோல்விக் குறி வேண்டும். ஒன்று ஏற்கனவே விழுந்திருந்தது. பக்கத்தில் நின்ற பூதம் ஒரு போடு போட்டது. பையன் இரக்கப்பட்டு இரண்டாவது குறியோடு நிறுத்தினான். சட்டாம்பிள்ளை விடவில்லை. "நினைவில்லாதவனை அஞ்சடிக்குள்ளே நின்னு அடிச்சா அது கிரிட்டிகல். கிரிட்டிகல்னா குறி ஒண்ணில்லை, ரெண்டு. மொத்தம் மூணு. நான் செத்தாச்சு." புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். செத்துத்தான் போயிருந்தார். வழக்கில் வென்ற திருப்தியோடு சிப்ஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

உயிர்ப்பிக்க ஒரு மந்திரம் உண்டு. ஒரு நிமிடத்துக்குள் போட வேண்டும், 300 தங்கக்காசு பெறுமான வைரம் வேண்டும். கூட்டத்தில் ஒரு வைரம் இருந்தது. கடையில் பேரம் பேசி 250க்கு வாங்கியது. வேறு யாரும் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. பிணம்தான் நினைவுபடுத்தியது. பெறுமானம் என்பது வாங்கிய விலையா, சந்தை விலையா என்று பிணம் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த ஒரு நிமிடம் கடந்துவிட்டது.

அவர் தோற்ற வழக்கு ஒன்றே ஒன்று. தரையில் கிரீஸைப் பரப்பி எதிரியை வழுக்கிவிழச் செய்யும் மந்திரம் ஒன்று இருக்கிறது. அதற்குரிய சரக்கு, பன்றித்தோல் துணுக்கு அல்லது வெண்ணெய். அவர் வெண்ணெய்க் கட்சி என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கிரீஸில் தீப்பந்தத்தை எறிந்தால் பற்றுமா? 2014 நூல் மௌனம். பற்றும் என்பது அவர் வாதம். "வெண்ணெயைக் காய்ச்சினா நெய். நெய் விளக்கு எரியறதா இல்லையா?" வருஷக்கணக்கில் வாதாடினார். கடைசியில் 2024 நூல் வந்தது. அந்த மந்திரத்தின் விளக்கத்தில், தீப்பற்றாத கிரீஸ் என்று அச்சடித்தே விட்டார்கள். அதே பதிப்பின் கதைசொல்லி நூலில், விதிகள் பௌதிக விதிகள் அல்ல, வரிசையாக ஆளை நிறுத்திக் கைக்குக் கை மாற்றி ஈட்டியை ஒளி வேகத்தில் பறக்கவிடலாம் என்று வாதாடுபவர்களுக்கு இடம் கொடுக்காதீர்கள் என்றும் இருக்கிறது. எழுதியவர்களும் எங்கேயோ ஒரு சட்டாம்பிள்ளையிடம் சிக்கிச் சீரழிந்தவர்கள்தான்.

பையன் அந்தப் பக்கத்தை மலர்த்தி அவர் முன்னால் வைத்தான். அவர் நிதானமாகப் படித்தார். இருமுறை படித்தார்.

"சரிதான். ஆனா நாம ஆட்டம் தொடங்கினது 2014 விதியிலே. இதை முன்தேதியிட்டு அமல்படுத்த முடியாது."

ஆகவே, திருவனந்தபுரத்தில் புதிதாக இந்த ஆட்டம் தொடங்க நினைக்கும் அன்பர்களே, பகடை வாங்குவதற்கு முன்னால், எந்த ஆண்டுப் பதிப்பில் ஆடப்போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேதி போட மறக்க வேண்டாம். அவர் கேட்பார்.