பெரியப்பா மறைத்த கோபுரம்

எங்கள் வீட்டு ஆல்பத்தில் இட்லி கிடையாது. மதுரை, தஞ்சாவூர், மாமல்லபுரம், ஊட்டி, வேடந்தாங்கல் என்று எண்பதுகளில் குடும்பமே மூட்டை முடிச்சோடு கிளம்பிப் போன ஊர்களெல்லாம் அதில் இருக்கின்றன. அங்கே என்ன தின்றோம் என்பதற்கு மட்டும் ஒரு சாட்சியமும் இல்லை. பிற்காலத்தில் யாராவது அந்த ஆல்பத்தை வைத்து ஆராய்ச்சி செய்தால், பயணம் போகும் தமிழர்கள் ஊர் திரும்பும்வரை உண்ணாநோன்பு இருந்தார்கள் என்று எழுதிப் பட்டமும் வாங்கிவிடலாம்.

ஊர்கள் இருக்கின்றன என்று சொன்னதும் கொஞ்சம் மிகைதான். ஊருக்கு முன்னால் பெரியப்பா இருக்கிறார். 'மதுரை தெற்குக் கோபுரம்' என்று பின்பக்கம் பேனாவால் எழுதிய படத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும் நிற்கிறார்கள். பெரியம்மா கையில் ஒயர் கூடை. பின்னால் கோபுரத்தின் அடிநிலை கொஞ்சம் தெரிகிறது. மிச்சமெல்லாம் படத்துக்கு வெளியே. சுமார் 170 அடிக் கோபுரமும் ஐந்தரை அடிப் பெரியப்பாவும் ஒரே சட்டத்தில் அடங்காவிட்டால் யாரை விடுவது? கோபுரம் எங்கேயும் போய்விடாது. பெரியப்பாவுக்கு லீவு முடிந்துவிடும்.

எல்லாம் ரோல் கணக்கு. முதலில் வீட்டில் இருந்தது ஆக்ஃபா கிளிக் 3. ஒரு ரோலுக்குச் சதுரம் சதுரமாக 12 படம். பிறகு 35 மில்லிமீட்டர் கேமரா வந்தது, 36 படம். சாமர்த்தியமாகச் சுற்றினால் 37, அதிர்ஷ்டமும் சேர்ந்தால் 38. ரோல் வாங்க ஒரு பணம், கழுவ ஒரு பணம், பிரிண்ட் போட ஒரு பணம். ஊர் திரும்பும்போது ரோலில் நாலைந்து படம் மிச்சமிருந்தால், அதை முடிக்காமல் கழுவக் கொடுப்பது பாவம். ஆகவே எல்லாச் சுற்றுலா ஆல்பத்தின் கடைசிப் பக்கத்திலும் வீட்டுத் திண்ணை, பக்கத்து வீட்டுக் குழந்தை, புதிதாக வாங்கிய ஃபிரிட்ஜ் ஆகியவை இடம்பெறும். மிச்ச ரோலில்கூட இட்லிக்கு இடம் கிடைக்கவில்லை. ஒருமுறை மதுரையில் இலையில் விழுந்த மல்லிகைப்பூ இட்லியை நோக்கி நான் கேமராவைத் திருப்பியபோது பெரியப்பா கேட்டார்: "ஏண்டா, திங்கறத போட்டோ எடுக்கறதுக்கா ரோல் வாங்கிக் குடுத்தேன்?"

கறுப்பு வெள்ளைக்கு ஊட்டியில் தயாரான 'இந்து' ஃபிலிம் கிடைக்கும். இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு ஆலை. 1967இல் உற்பத்தி தொடங்கியது. ஊட்டிக்குப் போனவர்கள் வர்க்கியும் தைலமும் வாங்கினார்களே தவிர, தங்கள் கேமராவுக்குள் இருந்ததும் அதே ஊர்ச் சரக்குதான் என்று நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. இன்று ஆலை மூடிக் கிடக்கிறது. இந்து நகர் என்ற பெயர் மட்டும் மிச்சம். அந்த வழியாகப் பேருந்தில் போகிற பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் படம் எடுத்தபடிதான் போகிறார்கள்.

பெரியப்பாவுக்கு முன்னால் மதுரையைப் படம் எடுத்தவர் லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. 1858இல் மெழுகு தடவிய காகித நெகட்டிவில் மீனாட்சியம்மன் கோயிலையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் எடுத்தார். ஒரு படத்துக்கு லென்ஸை நெடுநேரம் திறந்து வைத்திருக்க வேண்டியிருந்ததால் நடமாடுகிறவர்கள் அதில் பதியவே மாட்டார்கள். அநேகமாக ஆளே இல்லாத மதுரை! தஞ்சைக் கோயிலின் கல்வெட்டு வரிகளை மட்டும் துண்டு துண்டாக எடுத்து 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கியிருக்கிறார். கல்வெட்டுக்கு 21 படம் செலவழித்த அந்த மனிதர் தஞ்சாவூரில் என்ன சாப்பிட்டார் என்பதற்கு ஒரு படமும் இல்லை. அந்த விஷயத்தில் அவரும் எங்கள் குடும்பத்து ஆள்தான்.

இன்று மீனாட்சியம்மன் கோயிலுக்குள் பெரியப்பா பிரச்சினையே எழாது. கேமரா டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போன காலம் மலையேறிவிட்டது. கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. போனை வெளியே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெறுங்கையோடு பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. வேறு வழியில்லாமல் குளத்தைப் பார்க்கிறார்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். எனக்கு ஒரு கேமராவும் ஒரு பலகாரமும் ஒரே சாயங்காலத்தில் அறிமுகமாயின. சென்னை பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார். 1962 ராணுவ ஆட்சிக்கும் அதன் பின்னால் வந்த தேசியமயத்துக்கும் பிறகு, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்ததை விட்டுவிட்டு ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த தமிழர்கள் பிழைப்புக்காகப் போட்ட கடைகள். ஜப்பான் கேமரா வேண்டுமென்றால் எங்கள் காலத்தில் அங்கேதான் போக வேண்டும். பில் கிடையாது, கேரண்டி கிடையாது. "இங்கயே நல்லா பாத்துக்கங்க சார், அப்புறம் வந்து நிக்காதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். பெட்டியைப் பிரித்தால் உள்ளே சோப்புக்கட்டி இருந்தது என்ற கதை அந்நாளில் ஒவ்வொரு தெருவிலும் யாராவது ஒருவருக்கு நடந்திருக்கும். எங்கள் தெருவில் அந்த ஒருவரின் பெயர் ஆள் ஆளுக்கு மாறும்.

என் பெட்டியில் கேமராதான் இருந்தது. அந்த மகிழ்ச்சியில் பின்பக்கத் தெருவுக்குள் நுழைந்தபோதுதான் அத்தோ. குண்டு பல்பு வெளிச்சத்தில் ஒரு தள்ளுவண்டி. மஞ்சள் நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, புளித்தண்ணி, மிளகாய்த்தூள், நொறுக்கிய பேஜோ என்ற மொறுமொறுத் தட்டை எல்லாவற்றையும் ஒரு பேசினில் போட்டுக் கையாலேயே பிசைந்து தட்டில் வைத்தார். கூடவே வாழைத்தண்டு போட்ட மொய்ங்கா சூப், கேட்காமலே ஒரு கிண்ணம். புளிப்பும் காரமும் பூண்டு மணமும் ஒன்றாக ஏறியதில் காது அடைத்துப்போனது. புதுக் கேமரா தோளில் தொங்கிக்கொண்டிருந்தது, உள்ளே ரோலும் இருந்தது. அத்தோவைப் படம் எடுக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, வண்டிக்காரருக்கும் தோன்றவில்லை. இரண்டாவது தட்டு வாங்கினேன்.

அண்மையில் அதே தெருவுக்கு 'ஃபுட் வாக்' என்ற பெயரில் என்னைக் கூட்டிப் போனார்கள். முன்பதிவு, கட்டணம், கழுத்தில் அட்டை. வழிகாட்டும் இளைஞர் சின்ன மைக்கை மாட்டிக்கொண்டு 1962இலிருந்து ஆரம்பித்தார். குறை சொல்வதற்கில்லை, எல்லாம் சரியான தகவல். எங்கள் காலத்தில் அத்தோ தின்றவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட அந்த வரலாறு தெரியாது. பர்மாக்காரர் வண்டி, அவ்வளவுதான். இப்போது வண்டியில் நிற்கும் தம்பி வியாசர்பாடியில் பிறந்தவர், பர்மாவைப் பார்த்ததே இல்லை. வழிகாட்டி சொன்னதை அவரும் எங்களோடு சேர்ந்து ஆர்வமாகக் கேட்டார்.

தட்டு வந்தது. யாரும் தொடவில்லை. என் பாட்டி சாமிக்குக் காட்டாமல் சாப்பிட விடமாட்டாள். அதே பயபக்தியோடு இவர்கள் தட்டுக்கு மேலே போனைச் சுற்றினார்கள். மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, வண்டித் தம்பி முட்டையைப் பிளந்து பூண்டும் வெங்காயமும் திணிப்பது மெதுவான வேகத்தில் ஒன்று. "அண்ணே, இன்னொரு வாட்டி பிசைங்கண்ணே, அந்தக் கை சரியா விழல" என்றாள் ஒரு பெண். தம்பியும் முகம் சுளிக்காமல் பிசைந்து காட்டினார். நடைமுறையில் ஒரு நன்மையும் இருக்கிறது: படம் பிடிப்பார்கள் என்பதால் இப்போது கையுறை போட்டுக்கொள்கிறார். ஆறிய அத்தோவை எல்லோரும் 'சூப்பர்' என்றார்கள். நிறம் நன்றாகத்தான் இருந்தது.

நிறத்தில்தான் இருக்கிறது சூட்சுமம். படத்தில் புளிப்பு தெரியாது, சுக்கு மணம் தெரியாது, சூடு தெரியாது. சீஸ் நீளுவது தெரியும். சௌகார்பேட்டை மின்ட் தெருவில் முறுக்கு சாண்ட்விச் என்று ஒன்று உண்டு. ரொட்டிக்குப் பதில் இரண்டு குட்டி முறுக்குக்கு நடுவே தக்காளி, வெள்ளரி, பச்சைச் சட்னி. வடக்கும் தெற்கும் சண்டையில்லாமல் சேர்ந்த அபூர்வமான பண்டம். ஒரே வாய்க்குள் போட்டுவிட வேண்டும். இன்று அதன் தலையில் ஒரு குன்று சீஸைத் துருவிக் கொட்டிவிடுகிறார்கள். முறுக்கைத் தோண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. தோசைக்கும் அதே கதி, மசாலாப் பாலுக்குப் பிஸ்தா முடிசூட்டு. கடைக்காரரைக் கேட்டால், "வீடியோவுல அதத்தான் சார் கேக்கறாங்க" என்கிறார்.

இந்தப் போட்டியில் தோற்பவர்கள் கறுத்த நிறத்தார். மதுரையின் ஜிகர்தண்டா தப்பித்தது. பாதாம் பிசினும் நன்னாரியும் பாசந்தியும் ஐஸ்கிரீமும் அடுக்கடுக்காகக் கண்ணாடி டம்ளரில் தெரிகின்றன. அதே ஊரின் பருத்திப்பால்? பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சுவது. மழைச் சாயங்காலத்தில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் படத்தில் அது சேற்றுத் தண்ணீர். கருப்பட்டி போட்ட உளுந்தங்களிக்கு எந்தக் கோணத்திலும் முகவெட்டு அமையாது. என்னைக் கேட்டால் இது அவற்றின் அதிர்ஷ்டம். யாரும் அவற்றின் தலையில் சீஸ் கொட்ட வரமாட்டார்கள்.

அழகில்லாமலே புகழ்பெற்றது ஒன்று உண்டு: கொல்லிமலை முடவாட்டுக்கால். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு. ரோமத்தோடு ஆட்டுக்காலை உரித்து வைத்த தோற்றம். முன்பு 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, குடல் வாய்க்கு வந்த நிலையில் செம்மேட்டில் இறங்கினால் பலாச்சுளையும் மிளகும்தான் கண்ணில் படும். கிழங்கு சூப் மலைக்காரர்கள் வீட்டுச் சமாசாரம். இப்போது ஆகாய கங்கை அருவிப் பாதையில் வரிசையாகக் கடைகள், எல்லாவற்றிலும் 'மூட்டு வலிக்கு நல்லது' என்று பலகை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கி ஏறியவனுக்கு மூட்டு வலிக்காமல் என்ன செய்யும்? அந்தப் பலகையை வைக்க இதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை. சூப் நன்றாகவே இருக்கிறது, மிளகுக்காகவே குடிக்கலாம். மூட்டைப் பற்றி நான் பொறுப்பேற்க முடியாது.

வேடந்தாங்கல் ஆல்பத்தில் பறவையும் கிடையாது. ஏரி, மரங்கள், மரங்களின் மேல் புள்ளிகள். "இது கூழைக்கடா, இது நத்தை குத்தி நாரை" என்று பெரியப்பா விரலை வைத்து விளக்குவார். அவர் காட்டியவற்றில் ஒன்றிரண்டு லென்ஸ் தூசி. இன்று அங்கே முழங்கை நீள லென்ஸோடு வருகிறார்கள். இலைதழை அச்சிட்ட சட்டை, தொப்பி, முகமூடி, எல்லாம் பறவைக்குத் தெரியாமல் இருக்க. அவர்களுக்குப் பக்கத்திலேயே சிவப்புச் சேலை கட்டிய ஊர் அம்மாள் புல்லுக்கட்டோடு நடந்து போவாள். பறவைகள் அவளைத் திரும்பியும் பார்ப்பதில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டு ஊரார் அவற்றைக் காத்துவந்த இடம் அது. 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் அந்த உரிமையை எழுத்தில் வாங்கி வைத்தவர்கள். யாரைக் கண்டு ஒளிய வேண்டும் என்று பறவைகளுக்கு நன்றாகத் தெரியும்.

மா. கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். நாவலாசிரியர் மாதவையாவின் மகன், 1996இல் மறைந்தார். பல பாகங்களைச் சேர்த்துத் தானே ஒட்டுப்போட்ட கேமராவுக்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயர் வைத்து, முதுமலையில் யானை மேல் உட்கார்ந்து காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். இன்றைய லென்ஸ் படைக்கு அவர் படங்களைக் காட்டினால், "என்ன சார், ஷார்ப்பா இல்லையே" என்பார்கள். யானை என்ன நினைத்துக்கொண்டு நிற்கிறது என்பது மட்டும் அவற்றில் தெரியும்.

கறுப்பு வெள்ளையைச் சொன்னபின், வண்ணத்துக்குக் கொடைக்கானல் குறிஞ்சியைச் சொல்லியாக வேண்டும். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 1994இல் கலர் ரோல் வாங்கிக்கொண்டு போய் எடுத்தேன். பிரிண்ட் வந்தபோது மலைச்சரிவு முழுக்க இளஞ்சிவப்பு. சில நீலப் பூக்கள் கலர் ஃபிலிமில் அப்படி விழுவதுண்டு. நம் கண் கண்டுகொள்ளாத கடைக்கோடிச் சிவப்பு ஒளியையும் ஃபிலிம் வாங்கிக்கொண்டுவிடும். ஸ்டூடியோக்காரரோ, "பூவே அப்படித்தான் சார் இருந்திருக்கும்" என்று சாதித்தார். 2006இல் போக முடியவில்லை. தபால் துறை வெளியிட்ட குறிஞ்சித் தபால்தலையோடு திருப்திப்பட்டேன். 2018இல் போனோடு போனேன். அது என்னைக் கேட்காமலே பூவுக்கெல்லாம் பேனா மை தீட்டியது. வழியெல்லாம் குறிஞ்சித் தேன் விற்றார்கள். அத்தனையும் குறிஞ்சியில் எடுத்ததென்றால் தேனீக்கள் அந்த வருடம் ராத்திரி ஷிப்டும் பார்த்திருக்க வேண்டும்.

எனக்கு ஞாபகத்தில் இருப்பது மூன்றாவது ஒரு நிறம். அதற்கு அத்தாட்சி இல்லை. அடுத்த பூப்பு 2030இல். கொடைக்கானல் மலைக்கு வண்டியில் போக 2024 மே முதல் இ-பாஸ் வாங்க வேண்டியிருக்கிறது, மறந்துவிடாதீர்கள். போய்வருகிறவர்கள் பூ என்ன நிறம் என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். படம் அனுப்ப வேண்டாம். என்னிடம் ஏற்கெனவே இரண்டு பொய்ச் சாட்சி இருக்கிறது.