எல்.கே.ஜி.க்கு எத்தனை மாடு?

பெங்களூரில் பிள்ளையை எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போனேன். ஃபீஸ் அட்டவணையைப் பார்த்ததும் என்னை அறியாமல் ‘அம்மா!’ என்று கத்திவிட்டேன். மாடுதான் அப்படிக் கத்தும். ‘ஃபீ’ என்ற சொல்லே மாடுதான் என்பது பிறகு தெரிந்தது.

பழைய ஜெர்மானியர்களிடம் ‘ஃபெஹு’ என்றொரு சொல். மாடு என்றும் பொருள், சொத்து என்றும் பொருள். இரண்டையும் பிரித்துச் சொல்லும் அளவுக்கு வேறு சொத்து இல்லை போலும். அவர்களுடைய மாட்டுக்குக் கொம்பு எடுப்பாக இல்லை, ஆனாலும் எண்ணிக்கையில் ஏகப் பெருமை என்று கி.பி. 98 வாக்கில் ரோமானியர் டாசிடஸ் நக்கலடித்தார். அவர் ஊரிலும் ‘பெகுஸ்’ மாடு, ‘பெகூனியா’ பணம் என்பது அவருக்கு மறந்துவிட்டது. நம் பிள்ளைகள் ‘அம்மா’வில் தொடங்குவார்கள், பழைய ஜெர்மானியரின் ‘ரூன்’ எழுத்து வரிசையில் முதல் எழுத்தின் பெயரே மாடு. வடமொழிப் ‘பசு’வும் அதே கொட்டில்தான். ஜெர்மனிக் குளிரில் ‘ப’ நடுங்கி ‘ஃப’ ஆகிவிட்டது.

அந்த மாடு பிரான்சுக்குள் புகுந்து, நிலமானியம் வேஷம் போட்டு, ‘ஃபீ’யாக இங்கிலாந்தில் கரையேறியது. மாட்டைக் கூட்டாகப் போட்டுத் தொழில் செய்த வைக்கிங் பங்காளிதான் ‘ஃபெல்லோ’. பெங்களூர் கோரமங்களாவில் அவருக்குக் கோ-ஃபவுண்டர் என்று பெயர். ‘கோ’ என்றால் பசு என்று நான் சொல்ல வேண்டுமா?

நாம் மட்டும் யோக்கியமா? அடுத்த ஊர் மாட்டை ஓட்டிவருவதற்கு ‘வெட்சி’ என்று பூப்பெயர் சூட்டி இலக்கணமே வகுத்தோம். மாட்டு மந்தை தமிழில் ‘தொறு’, கன்னடத்தில் ‘துறு’. காவிரிக்கு அடித்துக்கொண்டாலும் இதில் ஒற்றுமை. தமிழகத்துச் செங்கத்திலும் சரி, கன்னட நாட்டிலும் சரி, மந்தையை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நடுகல் வைத்தார்கள்.

வள்ளுவரும் 400ஆம் குறளில் செல்வத்தை மாடு என்றே சொல்கிறார். கல்வியைத் தவிர வேறெதையும் அந்தத் தொழுவத்தில் கட்டுவதில்லை. பள்ளிக்கூடம் இதை நன்றாகப் படித்திருக்கிறது. கல்வியும் மாடு, கட்டணமும் மாடு. இரண்டும் அவர்கள் தொழுவத்தில்.

என் மந்தையை மூன்று தவணையில் ஓட்டிவரச் சொன்னார்கள். மீட்கப் போனால் நடுகல் கிடையாது, டி.சி.தான்.